லயன் ஷெப்பர்ட் பெட்டையை இணை சேர்க்கலாமா? இரவில் டொக்டர் கிடைக்காத இடத்தில் இருக்கிறோம்

வெள்ளவத்தைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் சடை முடியுள்ள ஒரு லயன் ஷெப்பர்ட் பெட்டை இருக்கிறது, இரண்டு வயது முடியப் போகிறது, அடுத்த ஹீட்டுக்கு (சேர்க்கைப் பருவத்துக்கு) இணை சேர்க்கலாம் என்று வீட்டில் கதை. தெஹிவளையில் ஒருவர் நல்ல உயரமான கடுவன் வைத்திருக்கிறார், காசு வேண்டாம், குட்டியில் ஒன்றைத் தெரிவு செய்ய விட்டால் போதும் என்கிறார். குட்டிகளுக்கு இடம் தேடவும் தேவையில்லை, கிளிநொச்சியில் அண்ணாவும் அவருடைய கூட்டாளிகளும் காவலுக்கு நாய் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் பயம் பிரசவம்தான். நாங்கள் போகிற கிளினிக் இரவில் போன் எடுப்பதே இல்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா? கல்சியம் சிரப்பை இப்போதிருந்தே கொடுக்கச் சொல்கிறார் கடுவன்காரர், குட்டி வரச் சுணங்கினால் போட ஒரு ஊசியையும் வாங்கி வைக்கச் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஊர்நாய்ப் பிரியை:
சேர்க்க வேண்டாம். கேட்டதற்குப் பதில் இதுதான். 2006 இல் இருந்து தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசாங்கக் கொள்கை, நல்லது, நான் அதற்கு ஆதரவு. ஆனால் கொல்லாமல் விட்டால் கருத்தடையும் தடுப்பூசியும் அந்த வேகத்தில் நடக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் குட்டி போட வைத்துக்கொண்டே இருக்கவும் கூடாது. மட்டக்குளியில் சந்தைக்குப் பக்கத்தில் பெட்டியில் போட்டு விட்டுப்போகிற குட்டிகளில் பாதி சடை முடிக் கலப்பு. எல்லாம் யாரோ ஒருவருடைய வீட்டில் "இடம் இருக்கிறது" என்று சொல்லிப் பிறந்தவைதான். கிளிநொச்சிக்குக் காவல் நாய் வேண்டும் என்றால் அங்கேயே ஊர்நாய்க் குட்டி எடுக்கலாமே, அந்த வெயிலில் சடை முடியோடு ஒரு நாய் என்ன செய்யும்?

வெள்ளவத்தைக்காரன்:
அக்கா, கோபிக்க வேண்டாம், நான் வியாபாரத்துக்குக் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை.

மட்டக்குளி மச்சான்:
அந்தக் காலத்தில் எந்த டொக்டர் வந்து பிரசவம் பார்த்தார்? எங்கள் அப்பா அல்சேஷன் வைத்திருந்தார், கட்டிலுக்குக் கீழே போய் ஏழு எட்டு குட்டி போடும், காலையில்தான் எங்களுக்கே தெரியும். தாய்க்குத் தெரியும் என்ன செய்வதென்று. நீங்கள் தலையைக் கொடுத்துக் குழப்பாமல் இருந்தாலே போதும் தம்பி.

வத்தளை அக்கா:
மச்சான் சொல்வதில் ஒரு பாதி சரி. அல்சேஷன், லாப்ரடோர், ஊர்நாய் எல்லாம் பெரும்பாலும் தாமாகவே போட்டுவிடும். பக்கத்தில் நின்று லைட் அடித்து வீடியோ எடுத்துத்தான் பல வீடுகளில் குழப்பமே வருகிறது. ஆனால் உங்கள் அப்பா காலத்தில் செத்த பெட்டைகளை யார் கணக்கு வைத்திருந்தார்? "பிரசவத்தில் போய்விட்டது" என்று சொல்லிக் குழி தோண்டுவார்கள், அவ்வளவுதான்.

நான் வத்தளையில் வருஷக்கணக்காக லாப்ரடோர் வைத்திருக்கிறேன், எப்போதாவதுதான் குட்டி போட விடுவேன். டொக்டர் எளிதில் கிடைக்காத ஊரில் பிரீடிங் செய்வதென்றால் முதல் வேலை, டொக்டர் தேவைப்படாத மாதிரி நாயைத் தெரிவு செய்வது. இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள், ஆனால் இதுதான் முழு விஷயமும். பெட்டையின் தாய் தானாகப் போட்டதா, சிசேரியனா? எத்தனை குட்டி, எத்தனை பிழைத்தது, பால் இருந்ததா? கடுவனின் தாயையும் கேளுங்கள். பதில் தெரியாது என்றால் அந்தக் கடுவன் வேண்டாம், எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி. பிரஞ்சு புல்டோக், இங்கிலிஷ் புல்டோக் இரண்டிலும் பிரித்தானியாவில் ஒரு கணக்கெடுப்பில் 80 வீதத்துக்கு மேல் சிசேரியன்தான் என்று வந்தது. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு ஒடுக்கம். கொழும்பில் இப்போது எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள், மூச்சே ஒழுங்காக விட ஏலாத நாயை இந்தப் புழுக்கத்தில் வைத்துக்கொண்டு பகல் முழுக்க ஏசி போடுகிறார்கள். இரவில் ஒப்பரேஷன் செய்ய ஆள் இல்லாத ஊரில் அந்த இனத்தை இணை சேர்ப்பது என்னைக் கேட்டால் கொடுமை.

உங்களுடையது ஷெப்பர்ட். பிரசவத்தைவிட இடுப்புதான் அதில் பிரச்சினை. அதைப் பிறகு எழுதுகிறேன், அடுப்பில் சோறு.

மருந்துப்பெட்டி:
ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன், டொக்டர் இல்லை, ஆகவே நான் சொல்வதை உங்கள் டொக்டரிடம் உறுதிப்படுத்துங்கள். ஆனால் கடுவன்காரர் சொன்ன இரண்டையும் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஊசி ஒக்சிடோசின். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற மருந்து. குட்டி குறுக்கே நின்று வழி அடைபட்டிருக்கும்போது அதைப் போட்டால் கர்ப்பப்பை சுருங்கிச் சுருங்கி கிழிந்துகூடப் போகலாம், குட்டிக்கு ஒட்சிசன் குறையும். முதலில் வழி திறந்திருக்கிறதா, குட்டி எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் டொக்டரே போடுவார், அதுவும் மிகக் கொஞ்சமாக. வீட்டில் வைத்திருந்தால் அந்த நேரப் பதற்றத்தில் கை தானாகப் போகும். வாங்கவே வேண்டாம்.

கல்சியம் இன்னும் மோசமாக நம்பப்படுகிற விஷயம். சினையாக இருக்கும்போது வெளியில் இருந்து நிறையக் கல்சியம் கொடுத்தால், எலும்பில் இருந்து கல்சியத்தை எடுத்துக் கொடுக்கிற உடம்பின் ஏற்பாடு சோம்பிப் போகிறது. பிறகு குட்டிகள் பால் குடிக்கிற நேரம், முக்கியமாகப் போட்டு இரண்டு முதல் நாலு வாரத்தில், திடீரென்று இரத்தத்தில் கல்சியம் விழுந்துவிடும். நாய் மூச்சிரைக்கும், நிலைகொள்ளாமல் நடக்கும், கால் விறைக்கும், நடுங்கும், வலிப்பு வரும். சின்ன இனங்களில், பொமேரியன் மாதிரி, அதிகமாக வரும். அப்போது நரம்பு வழியாக மெதுவாகக் கல்சியம் ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், ஆகவே அதையும் வீட்டில் செய்ய முடியாது. சினைக் காலத்தின் கடைசி மூன்று வாரத்தில் நல்ல குட்டிச் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தால் போதும்.

வாங்கி வைக்க வேண்டியது ஒரு தேர்மோமீட்டர். சினை 63 நாள் கணக்கு, இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகலாம். கடைசி வாரம் காலையும் மாலையும் வெப்பநிலை எடுத்து எழுதி வையுங்கள். சாதாரணமாக 38க்கும் 39 பாகை செல்சியசுக்கும் இடையில் இருக்கும், 37க்குக் கீழே இறங்கினால் அநேகமாக ஒரு நாளுக்குள் பிரசவம். அதுதான் நீங்கள் கிளினிக்குக்குப் போன் எடுக்கிற நேரம், இரவு இரண்டு மணிக்கு அல்ல. பகலிலேயே சொல்லி வைத்தால் எத்தனையோ டொக்டர்மார் தங்கள் சொந்த நம்பரைத் தருவார்கள். 55 நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளின் எலும்பு தெரியும், எத்தனை என்று எண்ணலாம். ஏழு இருக்கிறது என்று தெரிந்தால் ஆறோடு நின்றபோது சும்மா காத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

ஓடிப்போக வேண்டிய நேரங்கள்: பலமாக முக்கியும் அரை மணித்தியாலத்தில் குட்டி வராவிட்டால், ஒன்று வந்து இரண்டு மணித்தியாலம் கடந்தும் உள்ளே இருக்கிற மற்றது வராவிட்டால், முதல் குட்டி வருவதற்கு முன்பே கடும் பச்சை நிறத்தில் தண்ணீர் வந்தால். பச்சை என்றால் நஞ்சுக்கொடி கழன்றுவிட்டது. முதல் குட்டிக்குப் பிறகு பச்சை வருவது வழக்கம், அதற்குப் பயப்படத் தேவையில்லை.

வெள்ளவத்தைக்காரன்:
மிகவும் நன்றி. இவ்வளவு விஷயம் இருக்கிறதா? ஓடிப்போக வேண்டும் என்றால் எங்கே ஓடுவது என்பதுதான் கேள்வி.

மருந்துப்பெட்டி:
அதை இணை சேர்ப்பதற்கு முன் தேடுங்கள். இரவில் ஒப்பரேஷன் செய்யக்கூடிய இரண்டு இடம். "24 மணித்தியாலம்" என்று போர்டு போட்ட சில இடங்களில் இரவில் உதவியாளர் மட்டும் இருப்பார், டொக்டர் இருக்க மாட்டார். ஆகவே போன் பண்ணி "இரவு இரண்டு மணிக்கு நாய்க்கு சிசேரியன் செய்வீர்களா, மயக்க மருந்து கொடுக்க ஆள் உண்டா" என்று நேராகக் கேளுங்கள். அதற்குரிய காசை ஒதுக்கி வையுங்கள். நாயை ஏற்றிப் போகச் சம்மதிக்கிற ஓட்டோக்காரர் ஒருவரைப் பிடித்து வையுங்கள், நடு இரவில் போன் அப் மூலம் கூப்பிட்டால் இரத்தத்தோடு இருக்கிற பெரிய நாயைப் பார்த்துவிட்டு ட்ரிப்பை ரத்துச் செய்துவிட்டுப் போவார்கள். இந்த மூன்றும் கையில் இல்லை என்றால் இந்த ஹீட்டை விட்டுவிடுங்கள்.

ஹட்டன் குளிர்:
கொழும்பில் இருந்துகொண்டு டொக்டர் இல்லை என்கிறீர்கள், எங்கள் பக்கம் வந்து பாருங்கள். தோட்டப் பக்கம் அரச மிருக வைத்திய அலுவலகம் இருக்கிறது, நல்ல மனுஷர்கள்தான், ஆனால் அவர்களுடைய வேலை முக்கியமாக மாடு, ஆடு, கோழி. நாய்க்கு சிசேரியன் என்றால் பேராதனைக்குத்தான் போகச் சொல்வார்கள், நாட்டிலேயே மிருக வைத்திய பீடம் இருக்கிற ஒரே பல்கலைக்கழகம் அதுதான், அங்கே போதனா மருத்துவமனையும் இருக்கிறது. மழைக்காலத்தில் கினிகத்தேனை வளைவுகளில் முக்கிக்கொண்டிருக்கிற நாயோடு போவதை யோசித்துப் பாருங்கள்.

அதனால் இங்கே ஒழுங்காகச் செய்கிற ஒன்றிரண்டு பேர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிரசவத் திகதி நெருங்கும்போது பெட்டையைக் கண்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவார்கள், ஒரு வாரத்துக்கு முன்பே, இடம் பழக வேண்டும் என்பதற்காக. அந்த வசதி இல்லாதவர்கள் இணை சேர்ப்பதில்லை.

இன்னொன்று குளிர். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் தன் உடம்புச் சூட்டைத் தானே வைத்திருக்கத் தெரியாது, பெட்டிக்குள் 30 பாகை அளவில் வேண்டும். கொழும்பில் ஏசியையும் ஃபேனையும் நிறுத்தினாலே வரும், எங்களுக்குச் சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். குளிர்ந்து போன குட்டிக்குப் பால் பருக்கினால் குடல் வேலை செய்யாது, பால் உள்ளேயே கெட்டுப்போகும். முதலில் சூடாக்கி, பிறகுதான் பால். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து எழுதுங்கள், பத்து நாள் அளவில் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். ஒரு குட்டி எடை ஏறாமல் நின்றால் அது அழுவதற்கு முன்பே தராசு சொல்லிவிடும்.

வத்தளை அக்கா:
வந்துவிட்டேன். லயன் ஷெப்பர்ட் என்று தனி இனம் கிடையாது தம்பி. ஜேர்மன் ஷெப்பர்டில் நீள முடி வருவது ஒரு ஒடுங்கிய மரபணுவால், தாயும் தகப்பனும் இரண்டு பேருமே அதைக் கொடுத்தால்தான் குட்டிக்கு நீள முடி. இணையத்தில் விளம்பரம் போடுகிறவர்கள் வேறு இனம் மாதிரி விலை ஏற்றிவிட்டார்கள். அதன் விளைவுதான் எனக்குக் கவலை. நீள முடிக்கு நீள முடி தேடித் தேடிச் சேர்க்கும்போது ஊரில் இருக்கிற நாலைந்து கடுவனுக்குள்ளேயே சுற்றுகிறது. உங்கள் பெட்டையை எங்கே வாங்கினீர்கள்?

வெள்ளவத்தைக்காரன்:
கிருலப்பனையில் ஒரு வீட்டில். ஐயோ, இப்போதுதான் யோசிக்கிறேன், தெஹிவளைக் கடுவனும் அங்கிருந்துதான் வந்தது என்று அவர் ஒரு முறை சொன்ன மாதிரி நினைவு.

வத்தளை அக்கா:
கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாய் என்றால் அவற்றைச் சேர்த்து வரும் குட்டிகளின் உள்இனச் சேர்க்கை (சொந்தத்துக்குள் சேர்வதன் அளவு) 12.5 வீதம். ஒரே தாயும் தகப்பனும் என்றால் 25 வீதம், தகப்பனை மகளோடு சேர்த்தாலும் அதே 25. குட்டிகள் குறையும், பலவீனமானவை கூடும், ஒளிந்திருந்த நோய்கள் வெளியே வரும். நாயின் வம்சத்தைப் பதிகிற கென்னல் அசோசியேஷன் பத்திரம் இருந்தால் பாட்டன் பூட்டனைப் பார்த்துக்கொள்ளலாம், பத்திரத்தின் பெரிய பயன் அதுதான். நாய் ஆரோக்கியம் என்பதற்கு அது சான்றிதழ் அல்ல. பத்திரம் இருக்கிறது என்று இடுப்பு எக்ஸ்ரே எடுக்காமல் சேர்க்கிறவர்கள் நிறையப் பேர்.

இடுப்பு மூட்டுக் கோளாறு ஷெப்பர்டில் சாதாரணம். மரபுவழி போகும், ஆனால் நேராகப் போகாது, நல்ல இடுப்புள்ள தாய் தகப்பனுக்கும் கெட்ட குட்டி வரலாம், குறைவாக வரும், அவ்வளவுதான். ஓடுகிறது பாய்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் இரண்டு வயது முடிந்த பிறகுதான் இடுப்பு எக்ஸ்ரேக்கு இறுதித் தரம் கொடுக்கிறார்கள், பிரித்தானியாவில் ஒரு வயதுக்குப் பிறகு எடுக்கலாம். உங்கள் நாய்க்குச் சரியான வயது. கடுவனுக்கும் எடுக்கச் சொல்லுங்கள், அவர் மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மருந்துப்பெட்டி:
அதோடு இரத்தம். உண்ணிக் காய்ச்சல் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு. அதன் கிருமியான எர்லிகியா உள்ளே நீண்ட நாள் இருந்தால் இரத்தத்தட்டுகள் குறைந்து கிடக்கும், நாய் வெளியே நன்றாகவே இருக்கும், பிரசவத்திலோ ஒப்பரேஷனிலோ இரத்தம் நிற்காது. சாதாரண முழு இரத்தப் பரிசோதனை போதும், அதை எல்லா இடத்திலும் செய்கிறார்கள். சினைக்கு முன்பே செய்யுங்கள், ஏனென்றால் அதற்குக் கொடுக்கிற டொக்சிசைக்ளினைச் சினை நாய்க்குக் கொடுக்க டொக்டர்கள் தயங்குவார்கள், குட்டிகளின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும்.

கடுவன் தெருவில் சுற்றுகிற பழக்கம் உள்ளதா என்றும் பாருங்கள். இணையும்போது பரவுகிற ஒரு கட்டி இருக்கிறது, புற்றுநோய் உயிரணுக்களே ஒரு நாயில் இருந்து இன்னொன்றுக்குப் போய் ஒட்டி வளர்வது. கடுவனின் குறியை மூடியிருக்கிற தோலை விலக்கிப் பார்த்தால் காளான்பூ மாதிரி, இரத்தம் கசியும். வின்கிரிஸ்டின் ஊசிக்குப் பெரும்பாலும் கரைந்துவிடும், ஆனால் வாராவாரம் போட வேண்டும். புரூசெல்லா என்ற கிருமியும் இப்படித்தான் பரவும், சினையாகி ஒன்றரை மாதத்துக்குப் பிறகு கரு கலைந்துவிடும், மனிதருக்கும் தொற்றும். அந்தப் பரிசோதனை எல்லா கிளினிக்கிலும் இல்லை, ஆகவே பல இடங்களுக்குப் போய் வந்த கடுவனைத் தவிர்ப்பதுதான் வசதிக்கு ஏற்ற வழி.

ஊர்நாய்ப் பிரியை:
நான் இன்னும் சமாதானமாகவில்லை. பிரசவம் வரை எல்லோரும் கதைக்கிறீர்கள், பிறகு? தம்பி, குட்டிகளை எத்தனை வாரத்தில் கிளிநொச்சிக்கு அனுப்பப் போகிறீர்கள்? ஐந்து வாரத்தில் காட்போட் பெட்டியில் போட்டு இரவு பஸ்ஸில் நடத்துனரிடம் கொடுத்துவிடுகிற வழக்கம் எனக்குத் தெரியும். எட்டு வாரத்துக்கு முன் அனுப்பக்கூடாது. தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டு போகிற, ஊசி இன்னும் பிடிக்காத அந்த இடைவெளியில்தான் பார்வோ வைரஸ் அடிக்கிறது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சவர்க்காரத்துக்குச் சாகாது, பிளீச் வேண்டும். ஊசி ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் வரை போக வேண்டும். அந்தக் கடைசி ஊசியைப் போட அங்கே யார் கூட்டிப் போவார்கள்? இங்கே ஒன்று போட்டு "ஊசி போட்ட குட்டி" என்று கொடுப்பது ஏமாற்று.

பார்மசியில் ஊசி மருந்தை வாங்கி வீட்டிலேயே குத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன், அது 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டிய சாமான். 2022 மார்ச்சில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது கடைக் குளிர்சாதனப் பெட்டிகளில் என்ன நடந்திருக்கும்? போத்தலைப் பார்த்து யாருக்கும் தெரியாது.

விசர்நாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில் கட்டாயம், சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே போடுகிறார்கள், அதைக்கூடச் செய்யாதவர்களுக்குக் குட்டி கொடுக்காதீர்கள். இங்கே பிரீடிங் செய்ய யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. மிருகவதைச் சட்டம் 1907 இல் எழுதியது, அதில் தண்டப்பணம் 100 ரூபாய். ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் சொல்லாதீர்கள், நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மட்டக்குளி மச்சான்:
அக்கா நாய்க்குப் பதில் எங்களைக் கடிக்கிறார் 😄 ஆனால் பஸ் விஷயம் உண்மை. சேர்க்காமல் விடுவதென்றால் ஹீட் வராமல் ஊசி போட்டு விடலாமே, அது மலிவு.

மருந்துப்பெட்டி:
வேண்டாம் மச்சான், வேண்டவே வேண்டாம். அது புரொஜெஸ்தரோன் என்ற ஹோர்மோன் வகை ஊசி. கர்ப்பப்பைச் சுவர் தடித்து, கிருமி சேர்ந்து, சீழ் கட்டிவிடும். எங்களிடம் அவசரத்துக்கு வருகிற பெட்டைகளில் "போன வருஷம் ஊசி போட்டோம்" என்று சொல்கிறவர்கள் அடிக்கடி வருகிறார்கள், அப்போது கர்ப்பப்பையையே எடுக்க வேண்டும், நோயாளி நாயில், பல மடங்கு செலவில். குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை ஒப்பரேஷன், நாய் சுகமாக இருக்கும்போது.

வெள்ளவத்தைக்காரன்:
கடுவன்காரரிடம் இன்று கதைத்தேன். இரண்டு நாய்க்கும் தகப்பன் ஒன்றுதான். எக்ஸ்ரே என்றதும் "இது என்ன புதுசாக இருக்கிறது" என்று சிரித்தார். ஆகவே அந்தக் கடுவன் இல்லை, இந்த ஹீட்டும் இல்லை. எங்கள் பெட்டைக்கு மட்டும் இடுப்பு எக்ஸ்ரேயும் இரத்தமும் எடுத்துப் பார்க்கப் போகிறேன், இடுப்பு சரியில்லை என்றால் கருத்தடையே செய்துவிடலாம் என்று மனைவி சொல்கிறாள். அண்ணாவிடமும் சொன்னேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷமில்லை, கூட்டாளிகளிடம் ஏற்கனவே சொல்லிவிட்டாராம். ஊர்நாய்ப் பிரியை அக்கா, கிளிநொச்சிப் பக்கம் ஊசி போட்ட ஊர்நாய்க் குட்டி எடுத்துத் தர உங்களுக்கு யாரையும் தெரியுமா?

ஊர்நாய்ப் பிரியை:
வவுனியாவில் ஒருவர் இருக்கிறார், உள்பெட்டிக்கு வாங்க. அண்ணாவுக்கு எத்தனை வேண்டும், வீட்டில் சுற்றுமதில் இருக்கிறதா, பகலில் கட்டிப்போடுவார்களா என்று முதலில் எழுதுங்கள். கட்டிப்போடுவார்கள் என்றால் நான் கொடுக்க விட மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மருந்துப்பெட்டி:
எக்ஸ்ரேக்குப் போகும்போது முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு கொடுக்காதீர்கள், இடுப்பை நேராக இழுத்து வைத்து எடுக்க மயக்கம் கொடுப்பார்கள். படத்தை அவர்கள் வைத்துக்கொள்ளாமல் உங்கள் கையில் வாங்குங்கள், பிறகு வேறு டொக்டரிடம் காட்டவும் உதவும். மத்தியானம் தூங்கித் தூங்கி விழும், ஓட்டோவில் தனியாகக் கொண்டு வராமல் கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.